ரங்கூன் பட்டதாரிக்கு ஊர் தேடிப் போனோம்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். சேர்க்கைப் பிரிவில் இப்போது அவள்தான் அதிகாரி. போர் நடக்கும் நாட்டிலிருந்து ஒரு மாணவன் முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறானாம். அவன் படித்த கல்லூரிக் கட்டடமே இன்று இல்லையாம். கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படம் ஒன்றுதான் அவனிடம் மிச்சம்.

"அசல் இல்லாம எப்படி மேடம் எடுத்துக்கறது? திருப்பி அனுப்பவும் மனசு வரல. உங்க காலத்துல இந்த மாதிரி வந்திருக்கா?"

வந்திருக்கிறது என்றேன். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லாததால் எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் நைனாவுக்கு வேர்க்கடலை விளையும் நிலம் இருந்தது, எழுத்து இல்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். சித்தூரில் தங்கி பி.ஏ. முடித்தேன். திருப்பதியில் பல்கலைக்கழகம் புதிதாக வந்திருந்த வருடங்கள் அவை. சேர்க்கைப் பிரிவில் குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். தட்டச்சும், கோப்புக் கட்டுவதும், தெலுங்கில் குறிப்பு எழுதுவதும் முதல் வருடத்தோடு பழகிப்போயின. எங்கே கையெழுத்துப் போட்டாலும் முழுப் பெயரையும் போடுவேன், லோகநாயகி என்று. சுருக்கொப்பம் போதும் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டவர்கள், அவர்களுக்குச் சுருக்கொப்பம் போதும்.

எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் கோதண்டராமய்யா. வீட்டில் தெலுங்கு பேசுவார், அலுவலகத்தில் சித்தூர்த் தமிழ். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிக்கலான விண்ணப்பம் எதுவாக இருந்தாலும் விண்ணப்பித்தவரை நேரில் வரச் சொல்வார். வந்தவருக்கு நாற்காலி போட்ட பிறகுதான் கோப்பின் நாடாவை அவிழ்க்க வேண்டும். அதற்கு முன்னால் அவிழ்த்தால் கோபம் வந்துவிடும்.

"ஆளு நின்னுக்கினு இருக்கும்போதே கட்டை அவுத்தா, நம்ம கண்ணு என்ன இல்லைங்கறதைத்தான் முதல்ல பார்க்கும்மா. உக்காத்தி வெச்சி ரெண்டு வார்த்தை பேசினா, என்ன இருக்குதுன்னு தெரியும்" என்பார்.

வீட்டையும் ஊரையும் விட்டு ஓடி வந்தவர்கள் அந்த நாளில் எங்களிடம் அவ்வப்போது வருவார்கள். இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு சிலர் வந்தார்கள். பர்மாவிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். பட்டச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குக் கோதண்டராமய்யா ஒரு முறை வைத்திருந்தார். சித்தூர் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் முன் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். படித்த இடத்துக்கு நாங்கள் கடிதம் எழுதுவோம். பதில் வராவிட்டால், அதே இடத்தில் படித்தவர் யாராவது இவரைத் தெரியும் என்று எழுதித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேர விரும்பும் துறையில் ஒரு நாள் முழுக்கச் சோதனை உண்டு. எழுத்து, வாய்மொழி, விஞ்ஞானம் என்றால் ஆய்வுக்கூடமும்.

இந்த முறையில் எல்லாரும் தேறிவிடவில்லை. ஒருவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, ரங்கூன் வீதிகளை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கல்லூரி மணி எப்படி அடிக்கும் என்று கூடச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் பிப்பெட் குழாயைக் கையில் கொடுத்ததும் வாயில் வைத்து ஊதினார். உறிஞ்ச வேண்டிய குழாய் அது. "பீப்பி ஊதறாரு, கல்யாணத்துக்கு அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு கோதண்டராமய்யா கோப்பைக் கட்டிவிட்டார்.

அமிர்தவல்லி வந்தது ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை ஒப்பந்தம் முடிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது ஏறக்குறைய முடிவாகி, அமலுக்கு வராமல் இருந்த வருடம். ரங்கூனில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். படிப்பை முடித்து ஐராவதி ஆற்றோரம் இருந்த தங்கள் ஊருக்குத் திரும்பிய பின் அங்கே சண்டை மூண்டது. அவள் அப்பா முருகேசன் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். மில்லோடு அவரும் போனார், வீடும் போனது, வீட்டிலிருந்த சான்றிதழும் போனது. அம்மா பொன்னம்மாவும் இவளும் பல வருடம் அங்கங்கே ஒண்டியிருந்துவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். திருச்சானூரில் ஒரு சத்திரத்தில் பொன்னம்மா பாத்திரம் தேய்த்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அமிர்தவல்லி கேட்டது ஒன்றுதான். "எம்.எஸ்ஸி.யில் சேர எனக்கு இதுதான் கடைசி வருடம் என்கிறார்கள். உண்மையா?"

உண்மைதான். பட்டம் வாங்கி இத்தனை வருடத்துக்குள் மேற்படிப்பில் சேர வேண்டும் என்று விதி இருந்தது. அந்த ஆடி மாதம் தவறினால் அவளுக்குக் கதவு மூடிவிடும். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அவள் எழுதியிருந்தாள். உன் அப்பாவின் ஊர் ஆந்திராவில் இருக்கிறது, அங்கே கேள் என்று பதில் வந்திருந்தது. எங்களிடமோ வெளி மாநிலத்தாருக்கான இடம் அந்தத் துறையில் முன்பே நிரம்பிவிட்டது. உள்ளூராருக்கான இடம் ஒன்று மிச்சம். அதைப் பெற வேண்டுமானால் பூர்வீகம் இந்த மாநிலம் என்று காட்ட வேண்டும்.

பட்டப் படிப்பைக் காட்டுவது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. துறையில் அவளுக்கு இரண்டு உப்புகள் கலந்த பொடி ஒன்றைக் கொடுத்து, என்னென்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் அவசரப்படவில்லை. பொடியை முகர்ந்தாள், சிறிது சூடாக்கினாள், தீயில் காட்டி நிறம் பார்த்தாள். ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்தவள் அப்படியே மூடி வைத்துவிட்டு, "இது பழையது சார், புதிதாகத் தயாரித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். துறைத் தலைவர் தலையாட்டினார். மாலையில் அவர் எங்கள் பிரிவுக்கே நடந்து வந்து, "இந்தப் பொண்ணு வேணும். மத்தது உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றது என்பது ஊர். பள்ளிப்பட்டுக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி ஒரு சிற்றூர். முருகேசன் அங்கிருந்து புறப்பட்டபோது அமிர்தவல்லி பிறக்கவே இல்லை. பொன்னம்மா அந்த ஊருக்குக் கல்யாணமாகிப் போய், கொஞ்ச காலம் மட்டும் இருந்தவர். உறவென்று யாரும் மிஞ்சவில்லை. கிராம முன்சீப்புக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை.

கோதண்டராமய்யா ஒரு நாள் விடுப்பு எழுதினார். என்னையும் எழுதச் சொன்னார். "அந்த அம்மாவைக் கூட்டிக்கினு போலாம். நீயும் வா. எனக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு பாதிதான் புரியும்."

புத்தூர், நகரி என்று பஸ் மாறி, பள்ளிப்பட்டில் இறங்கி மாட்டு வண்டி பிடித்தோம். ஊர் எல்லையில் கோதண்டராமய்யா வண்டியை நிறுத்தினார். பொன்னம்மாவை வண்டியிலேயே இருக்கச் சொன்னார். உங்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் ஊர் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார். கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கோட்டும் கோப்பும்தான் வினையாயிற்று. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தை நாங்கள் அடைவதற்குள் ஊரே திரண்டுவிட்டது.

"வாங்க சார். எல்லை ஆபீசர்தானே? இன்னும் மாத்த முடியுமா?"

"நான் எல்லை ஆபீசர் இல்லய்யா. திருப்பதி யூனிவர்சிட்டி."

"அப்படித்தான் சொல்வீங்க. போன தபா வந்தவரும் மாடு வாங்க வந்தேன்னாரு. ரெண்டு நாளு இருந்து எழுதிக்கினு போனாரு. ஒரு மாடும் வாங்கல."

கூட்டம் சிரித்தது. ஆனால் நம்பவில்லை. முருகேசன் என்று ஒருவர் பர்மாவுக்குப் போனாரே, தெரியுமா என்று கோதண்டராமய்யா கேட்டார். அவ்வளவுதான்.

"நம்ம முருகேசனா? தெரியாம இன்னா! சுத்தத் தமிழன் சார். தமிழுன்னு எழுதிக்கோங்க."

"ஒரேய், யாருடா தமிழு? அவன் மாவாடு, எங்காளு. முருகய்யா! மா நான்ன, எங்கப்பாதான் அவனை கப்பல்ல ஏத்தி விட்டாரு. ராசுகோண்டி சார், தெலுகு."

"முருகன்னு பேரு வெச்சிக்கினு இன்னாடா தெலுங்கு?"

"உங்கம்மா பேரு லட்சுமிதானே? அவங்க தெலுகா?"

ஒருவர் முருகேசனோடு ஏர் ஓட்டியிருந்தார். இன்னொருவர் வீட்டில் அவர் தினமும் சாப்பிட்டிருந்தார். மீசை அரும்பிய ஒருத்தன் முன்னால் வந்து, "நானும் அவனும் ஒண்ணா படிச்சோம்" என்றான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேயே அவன் போயிட்டான்டா, தறுதல!"

நான் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை சாட்சிகள் கிடைத்துவிட்டார்களே என்று எனக்கு உற்சாகம். கோதண்டராமய்யா என் பக்கம் குனிந்து, "எழுதாதேம்மா" என்றார். "இவங்க எல்லாரும் எல்லைக்கு ஆள் சேர்க்கறாங்க. நமக்கு இல்ல."

ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம் வந்தார். பொறுமையாகப் பேசினார். "என் கணக்கில் அந்தப் பேர் இல்லீங்க. நெலம் இருந்தா பட்டா இருக்கும், பட்டா இருந்தா பேரு இருக்கும். நெலமே இல்லாதவனை நான் எங்கே போய்த் தேடறது?"

அப்போதுதான் கோதண்டராமய்யா என்னை அனுப்பிப் பொன்னம்மாவை அழைத்து வரச் சொன்னார். வண்டியிலிருந்து இறங்கியவர் என்னோடு விறுவிறுவென்று நடந்து வந்தார். கட்டடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, தெரு திரும்பும் இடத்தில், அவர் கால் நின்றுவிட்டது. நான் கையைப் பிடித்தேன். அவர் வரவில்லை. அத்தனை வருடம் பர்மாவில் இருந்தவர், எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு காலத்தில் இந்த ஊர் சொல்லியிருந்ததோ அங்கே நின்றார்.

அவர் நின்ற இடத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. தமிழ்ப் பக்கம் பேசியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஓ, அந்தப் பக்கத்து ஆளுங்களா? அவங்கள எங்களுக்கு அவ்வளவா தெரியாதுங்க சார்."

"மாக்கும் தெலியதண்டி, எங்களுக்கும் தெரியாது" என்றார் கப்பல் ஏற்றிவிட்டவரின் மகன். அன்று முழுவதும் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. பொன்னம்மாதான் சிரித்துக்கொண்டே, "இவங்களுக்கு எங்கள எங்கம்மா தெரியும்? வாங்க, எங்காளுங்களாண்ட போவலாம்" என்று வாய்க்காலைத் தாண்டி முன்னால் நடந்தார். கோதண்டராமய்யா கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

அந்தத் தெருவில் ஒரு பெண் வாசலில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். பொன்னம்மா வயதுதான் இருக்கும். நிமிர்ந்து பார்த்து, "யாருமா?" என்றார்.

"பொன்னு. மேட்டு வூட்டு மாரியோட மருமவ."

அந்தப் பெண் எழுந்து கிட்டே வந்தார். முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பொன்னா? எங்கிட்ட எரவ வாங்கிக்கினு போனியே மொறம், அது எங்கடி?"

"பர்மால எரிஞ்சி போச்சிடி."

"பர்மா வரிக்கும் எடுத்துக்கினு போனியா அத?"

"நல்ல மொறம்டி. வுட்டுட்டுப் போவ மனசு வரல."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், சிரித்தபடியே அழுதார்கள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. முருகேசனை முருகேசன் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தெருவில் குள்ளன் என்று பெயர். பர்மாவுக்குப் போய்த்தான் அவர் முருகேசன் ஆகியிருக்கிறார்.

கோதண்டராமய்யா என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "இப்ப எழுதும்மா. மொறத்தையும் சேர்த்து எழுது. எல்லைக்காக யாரும் மொறத்தைக் கேட்க மாட்டாங்க."

எழுதினேன். தெருவார் விரல் ரேகை வைத்தார்கள். முன்சீப் வீட்டுக்குப் போய் மேலொப்பம் கேட்டபோது அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஷைக்குன்னு கட்டம் எங்கே?"

"இதுல பாஷைக் கட்டம் கிடையாது" என்றார் கோதண்டராமய்யா.

"அப்ப இத யாரும் எல்லைக் கணக்குல சேக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

மனுஷருக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் புத்தூர் தாண்டியதும் கோதண்டராமய்யா சொன்னார். "இந்த ஊரு வர ஏப்ரல்ல மதராஸ் பக்கம் போயிடுது. கமிட்டியில அதைத்தான் கேப்பாங்க. பாதிப் படிப்புல வெளி மாநிலம் ஆயிடறவளுக்கு உள்ளூர் இடம் எதுக்குன்னு. நான் என்ன எழுதட்டும்?"

"ஆந்திரா தனியாகப் பிரிந்த அன்றைக்கு நான் சித்தூரில் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன் சார்" என்றேன். "காலையில் நான் மதராஸ் மாநிலமா, ஆந்திராவா என்று யாரும் கேட்கவில்லை. என்னை எழுந்து நிற்கவும் சொல்லவில்லை. உட்கார்ந்தவளை எழுப்பக் கூடாது என்று எழுதுங்கள்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் சொல்றே. கொஞ்சம் ஆபீஸ் பாஷையில சொல்லு."

அலுவலக மொழியில் அந்தக் குறிப்பை நானே எழுதினேன். விண்ணப்பதாரரின் பூர்வீக ஊர் இன்று இந்த மாநிலத்தில் உள்ளது, சேர்க்கை இன்று நடைபெறுகிறது, சேர்ந்த பின் ஏற்படும் எல்லை மாற்றம் படிப்பைப் பாதிக்காது. கீழே கோதண்டராமய்யா ஒப்பமிட்டார். தயாரித்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர்.

சேர்க்கைக் குழுவின் கூட்டத்தில் கோப்பை எடுத்துக் கொடுக்க நானும் சுவரோரம் நின்றேன். ஒரு உறுப்பினர் எல்லைக்கு முன்னால் வேறொன்றைக் கேட்டார். "விரல் ரேகை, மொறம், இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"பட்டா இல்லாதவங்களுக்கு வேற என்ன ஆதாரம் இருக்கும்னு நீங்களே சொல்லுங்க சார், அதை வாங்கிக்கினு வரேன்" என்றார் கோதண்டராமய்யா. குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். உறுப்பினர் அடுத்த தாளைப் புரட்டினார்.

"சரி, ஏப்ரல்ல ஊர் போயிடுமே, அப்ப?"

"ஏப்ரல்ல பரீட்சை சார்."

துறைத் தலைவர் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்களும். கேள்வி கேட்டவர் கடைசிவரை சிரிக்கவில்லை. தன் ஆட்சேபணையை எழுதி வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அது அவர் உரிமை. நாளை யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அமிர்தவல்லி மறுநாளே சேர்ந்தாள். அவளுக்காக எழுதிய குறிப்பு பிறகு பலருக்குப் பயன்பட்டது. எல்லையோர ஊர்ப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அதை எடுத்து நீட்டியிருக்கிறேன். துணைப் பதிவாளராக ஓய்வு பெறும்வரை நாற்காலி போட்ட பிறகுதான் நாடாவை அவிழ்த்தேன். எல்லாரையும் சேர்த்துக்கொள்ள முடிந்ததில்லை. சோதனையில் தேறாதவர்களைத் திருப்பியிருக்கிறேன். ஆனால் காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, முகத்தைப் பார்க்காமல் ஒருவரையும் திருப்பியதில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஏப்ரலில் ஊர் மதராஸ் பக்கம் போயிற்று. செய்தி வந்த அன்று மத்தியானம் நான் வேதியியல் துறைக்கு ஒரு காகிதத்தோடு போயிருந்தேன். பொன்னம்மா மகளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அமிர்தவல்லி அமிலக் கறை படிந்த விரல்களோடு வெளியே வந்தாள். பொன்னம்மா முகத்தில் கலக்கம்.

"ஏ அமிர்தா, நம்மூரு அந்தாண்ட பூட்சாமே. இனிமே யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா இன்னாடி சொல்றது?"

அமிர்தவல்லி தூக்குச்சட்டியை வாங்கித் திறந்து பார்த்தாள். நல்ல பசி போலிருக்கிறது.

"எம்.எஸ்ஸி. முதல் வருசம்னு சொல்லும்மா" என்றாள்.